கவனம் சிதறிய மூன்று நாட்கள்

பின்னால் நின்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். சிட்டு திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வயதில் இதுதான் முதல் தடவை. மூலையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள்.

அலாரம் கடிகாரத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மணி அடித்ததும் நேராகப் போய் எடுத்துவந்தாள். மேஜைக்கு அடியில் வைத்தேன். அதையும் எடுத்துவந்தாள்.

அடுத்த வாரம் பள்ளிச் சேர்க்கை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஏற்கெனவே மூன்று பள்ளிகள் கைவிரித்துவிட்டன. இதுவும் போனால் பிள்ளைக்கு வீடுதான் கதி.

கணவருக்கு போன் போட அம்மா எங்கள் பயிற்சி மையத்தின் மாடிக்கு ஓடினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சத்தத்துக்குக் காது கொடுக்கப் பழக்குவதுதான் பதினோரு வருடமாக என் வேலை. ஒரே நாளில் இப்படி யாரும் மாறியதில்லை. குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

திங்கள்: அழைப்புக்குத் திரும்பவில்லை. இடதுபக்கச் சுவரில் கன்னத்தை வைத்து நிற்கிறாள். குளிர்ச்சி பிடிக்கிறது போலும்.

செவ்வாய்: அதே சுவர். விரலால் மூன்று முறை தட்டுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தட்டுகிறாள். செய்ததையே செய்யும் பழக்கம். கையைப் பிடித்து விலக்கினேன்.

புதன்: காலையில் ஆள் வைத்துச் சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டியாயிற்று. அப்படியும் அங்கேயே போய் நின்று அழுகிறாள். கவனச் சிதறல்.

இன்று வியாழன். சுவர்ப் பக்கமே போகவில்லை.

எல்லாம் நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

வாசலில் நிழல் தட்டியது. போலீஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“பக்கத்து வீட்டுப் பெரியவர் பாத்ரூம்ல விழுந்து கிடந்திருக்காரு மேடம், ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. இன்னைக்குக் காலைலதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. சுவத்தத் தட்டித் தட்டி விரலெல்லாம் தோல் உரிஞ்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?”

பெரியவர் தனிக்கட்டை. எங்கள் கடிகாரச் சத்தம் தாங்கவில்லை என்று போன மாதம் சண்டைக்கு வந்தவர். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

கேட்கவில்லை என்றேன். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை.

போலீஸ்காரர் போனதும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த இடதுபக்கச் சுவரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சிட்டு பதிலுக்குத் தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் கிடந்தவர், யாரோ வருகிறார்கள் என்று நம்பியிருப்பார். மூன்று நாளாக அந்தத் தட்டலுக்குக் கொடுத்துப் பழகிய காதுதான், அது நின்றுபோனதும் இன்று என் பக்கம் திரும்பியிருக்கிறது.

சிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா மூச்சிரைக்க மாடியிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க அப்பா நம்பவே மாட்டேங்குறாரு டீச்சர். அப்படி என்னதான் செஞ்சீங்க? சொல்லுங்க, வீட்லயும் நான் அதையே செய்றேன்.”