தோளில் ஒரு சிரிப்பு

தெய்வானையின் கணவன் ஊலோ வேறொரு கிரகத்திலிருந்து வந்தவன். அவன் இனத்தவர் சத்தமே இல்லாமல், தோளில் நீல ஒளி படரச் சிரிப்பார்கள். பிறந்து பல மாதங்களாகியும் அவர்களுடைய பெண் குழந்தை அம்மாவைப் போலவும் சிரிக்கவில்லை, அப்பாவைப் போலவும் சிரிக்கவில்லை. இரண்டு ரத்தமும் ஒத்துப்போகவில்லையோ என்று இருவரும் உள்ளூரப் பயந்திருந்தார்கள். அன்று குழந்தையைக் குளிப்பாட்டும்போது தெய்வானையின் கையிலிருந்து வழுக்கிப் பறந்த சோப்பு ஊலோவின் நெற்றியில் போய் மோதியது. குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. கூடவே அதன் ஈரத் தோள்களில் நீலம் ஓடியது. “ஏங்க, இங்க பாருங்க, ரெண்டு மாதிரியும் சிரிக்கிறா!” என்று கத்தினாள் தெய்வானை. ஊலோவின் தோள்கள் கண் கூசும்படி ஒளிர்ந்தன. அவன் சோப்பைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, நெற்றியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். “இன்னொரு தடவை போடு, தெய்வானை.”