சிந்துஜா எறிந்த பந்து

சேத்தியாத்தோப்புப் பள்ளி மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பேஸ்பால் பயிற்சி முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். பயிற்சியாளர் எழிலரசி மட்டும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தோடு நிற்கிறாள் சிந்துஜா. பேஸ்பால் என்றால் என்னவென்றே இந்த ஊருக்குத் தெரியாத காலத்தில் முதன்முதலாக அணி சேர்த்தவர்கள் இவர்கள்தான். சிந்துஜா எறிவாள், எழிலரசி பிடிப்பாள். மாநில அணித் தேர்வுக்கு இருவரும் கிளம்ப இருந்த காலையில் சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அதோடு எல்லாம் நின்றுபோனது.

"அன்னிக்கி நீயாவது போயிருக்கலாம்ல, எழிலு?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்டி. உன் பந்தத் தவிர வேற யார் பந்தையும் நான் புடிச்சதில்லையே."

சிந்துஜா பழைய வாகிலேயே கையைச் சுழற்றுகிறாள். தோள்பட்டை பாதியில் பிடித்துக்கொள்கிறது. பந்து நடுவழியில் விழுந்து, புழுதியில் மெல்ல உருண்டு நிற்கிறது.

"இனிமே வராதுடி" என்கிறாள்.

எழிலரசி எழுந்து போய்ப் பந்தை எடுத்து அவள் கையில் கொடுக்கிறாள். பிறகு பழைய இடத்துக்குப் போகாமல், பந்து விழுந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து கையுறையை விரிக்கிறாள்.