பாரிஸ் பீரோ

மயில்சாமி போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது ஒரு மேசை.

ஆட்டுக்கால் மாதிரி வளைந்த நாலு கால். ஓரமெல்லாம் பித்தளைப் பூவேலை. மேலே தோல் ஒட்டிய பலகை, அதற்குக் கீழே குட்டிக் குட்டியாக இழுப்பறைகள். அழகுதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வர வேண்டியது பீரோ.

மல்லசமுத்திரம் மண்டபத்தில் சீர்ச்சாமான் பார்க்கக் கூடியிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? ஊரெல்லாம் தண்டோரா போட்டவரே மயில்சாமிதானே. சம்பந்தி வீட்டு மூத்த மருமகள் மூணு கதவு பீரோ கொண்டுவந்தவளாம். என் மகள் கனிஷ்கா பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்கு நூறு வாங்கியவள், அவளுக்குப் பாரிஸ் பீரோதான் லாயக்கு என்று டீக்கடையில் ஒருத்தரை விடாமல் சொல்லியிருந்தார்.

சம்பந்தியம்மா சின்னாயியும் நிச்சயத்தன்றே கறாராகச் சொல்லிவிட்டார். மருமகள் ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கிறாளா, தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் மேசை கீசையென்று கொண்டுவந்து ஊட்டை ஆபீஸ் ஆக்கிவிட வேண்டாம். கட்டிலும் பீரோவும் போதும்.

இப்போது நடு மண்டபத்தில் மேசை நிற்கிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அன்வர் பாட்சாதான் இதைப் பிடித்துக் கொடுத்தவர். பிரான்ஸ் ராஜா காலத்து பீரோ, பேர்போன ஆசாரி செய்தது, அடியில் தன் பேரையே முத்திரை குத்தியிருக்கிறான் என்று போனில் உருகினார். கோழிப்பண்ணையை விட்டு மயில்சாமியால் அசைய முடியவில்லை. வீட்டிலிருந்து ஆள் போய்ப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் வாங்கினார்.

டெம்போவிலேயே கூட வந்திருந்த பாட்சா மெல்லக் காதில் ஓதினார். பிரெஞ்சுக்காரனுக்கு பீரோ என்றால் எழுதுகிற மேசைதானாம். துணி வைக்கிற அலமாரிக்கு அந்தப் பேரை வைத்துக்கொண்டது நாம்தானாம்.

மயில்சாமிக்கு அவரைப் பிடித்துக் கோழிக்கூண்டில் அடைக்கலாம் போலிருந்தது.

சின்னாயி மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். காலைத் தட்டினார். பாட்சா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க சம்பந்தி, பீரோவக் காணோமுங்க? இது அதத் தூக்கி வெக்கற ஸ்டாண்டுங்களா?"

ஆபத்துக்குப் பாவமில்லை. ஆமாங்க என்றுவிட்டார் மயில்சாமி. பீரோ கொஞ்சம் பெரிசுங்க, தனி வண்டியில் பின்னால் வருதுங்க என்று துணிந்து இன்னொரு புளுகும் சேர்த்தார்.

பாட்சா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஸ்டாண்டே இந்தப் போடு போடுதே, பீரோ எப்படி இருக்குமோ என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். சின்னாயியின் முகம் மலர்ந்துவிட்டது. மூத்த மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

கனிஷ்கா தலை குனிந்தபடியே மாமியாரிடம் ஏதோ சொன்னாள். இத்தனை அழகான ஸ்டாண்டு மேல் பீரோவை ஏற்றினால் மறைந்து போய்விடுமாம். நம்ம ரூமில் சன்னலோரம் தனியாகவே கிடந்தால் வருகிறவர் போகிறவர் பார்ப்பார்களாம்.

சின்னாயிக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. கூட ஒரு நாற்காலியும் போட்டுவிடலாம், அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்று அவரே சொன்னார்.

அப்பாடா, மானம் தப்பித்தது. மயில்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஆட்டையாம்பட்டிக்கு ஆள் அனுப்பி, இருப்பதிலேயே பெரிய இரும்பு பீரோவாகத் தூக்கி வரச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது மகளைப் பார்த்தார். பட்டுச்சேலையும் மாலையுமாக நின்றவள் இழுப்பறை ஒன்றைத் திறந்து, ஒரு பேனாவை உள்ளே வைத்து, சத்தமில்லாமல் மூடினாள்.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. ஃபேர்லேண்ட்ஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது இவள்தான். கோழிக்குத் தீவனம் கொட்டிக்கொண்டே, பீரோதானே சாமி, நல்லாப் பாத்தியா என்று இவளிடம்தான் கேட்டார். இவளும் முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல் பதில் சொன்னாள்.

"ஆமாங்கப்பா, பிரெஞ்சுல அது பீரோதானுங்க."