பொடித்துளி

குன்னூர் மழை மையத்தில் யசோதை பணியில் இருந்த மதியம், மலைச்சரிவுக் குடியிருப்பிலிருந்து தம்பி சுகிர்தன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, மழை விடாம கொட்டுது. எல்லாரும் மண்சரிவுப் பாதுகாப்புக் கூடத்து வாசல்ல நிக்கிறோம். கதவு திறக்கவே மாட்டேங்குது."

அந்தக் கதவு மனிதர் பேச்சைக் கேட்காது. கூரைமேல் இருக்கும் லேசர் கருவி துளிகளின் பருமனை அளந்து, கனமழை என்று சொன்னால்தான் திறக்கும். பக்கத்திலேயே இருந்த பழைய வாளி மழைமானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. லேசரோ, சலித்த மாவு போல அடர்த்தியாக இறங்கிய பொடித்துளிகளைப் பார்த்து வெறும் தூறல் என்றது.

கதவைத் திறக்கச் சொல்லி யசோதை கட்டளை அனுப்பினாள். லேசர் அளவு மாறும்வரை காத்திருக்கவும் என்று திரையில் பதில் வந்தது.

"கீழே ஸ்கூலுக்குப் போயிடட்டுமாக்கா? மலர் மாசமா இருக்கா, நிக்க முடியலங்கிறா."

"வேண்டாம்டா, வழுக்கும். மாசமா இருக்கிற பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு இறங்காதே. அங்கேயே நில்லுங்க, நான் திறக்க வைக்கிறேன்."

மேலதிகாரியைத் தேடி அவள் எழுந்தபோது போனில் பெரிய இரைச்சல் கேட்டது. அப்புறம் எவ்வளவு கத்தியும் தம்பி பேசவில்லை.

சரிந்த மலை, வாசலில் நின்றவர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. தெறித்த சேறு லேசர் ஒளியைக் கடந்தபோது கருவி அதையும் மழைத்துளி என்றே அளந்தது. யசோதையின் திரையில் கனமழை என்று சிவப்பாக எழுத்து வந்தது.

கேமராவில் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. "தள்ளாமல், வரிசையாக வாருங்கள்" என்று ஒரு குரல் யாருமில்லாத வாசலை அன்போடு அழைத்துக்கொண்டிருந்தது.