நீட்டிய கை

"எந்தச் சாட்சியைப் பற்றிக் கேட்டாலும் 'பொய்'னு ஒரே வார்த்தை. அதோட வாயை மூடிக்கணும், புரியுதா?" என்று வக்கீல் வராந்தாவிலேயே பாடம் நடத்தியிருந்தார். மனைவியைக் கொன்றதாக வழக்கு. கூண்டில் ஏறிய பூவராகன் சொன்னபடியே செய்தான். கீழ்வீட்டுக்காரர் சொன்னது பொய். மச்சான் சொன்னது பொய். இன்ஸ்பெக்டர் சொன்னதும் பொய்.

நீதிபதி அடுத்த தாளைப் புரட்டினார்.

"மொட்டை மாடியில அப்பா கையை நீட்டினார், அம்மா கீழே விழுந்துட்டாங்கன்னு உங்க மகள் இந்துமதி சொல்லியிருக்கா. என்ன சொல்றீங்க?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். வாசலில் தாய்மாமன் கையைப் பிடித்தபடி இந்துமதி நின்றிருந்தாள். யார் பின்னிவிட்டார்களோ, வகிடு கோணலாக இருந்தது.

"அவ பொய் சொல்ல மாட்டாங்கய்யா."

"அப்ப தள்ளினீங்களா?"

"விழப்போனவளைப் பிடிக்கத்தாங்க நீட்டினேன்."

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இருந்தும் அன்றைக்குப் போலவே நீட்டிக் காட்டினான். கை நேராக வாசலைப் பார்த்து நீண்டது.

இந்துமதி மாமனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கையை எப்போது இறக்குவதென்று பூவராகனுக்குத் தெரியவில்லை.