பூந்திக்கொட்டைத் தண்ணீர்

ஜிமிக்கியின் தண்டு நிமிர்ந்துவிட்டது.

நெருப்பு வைக்கவில்லை. அரம் போடவில்லை. குறட்டின் வாயில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெல்லளவு நெல்லளவாக நிமிர்த்தினார் ஆசாரி.

அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றை ஜிமிக்கி. மகளுடையது. கல்லூரிப் பேருந்து கவிழ்ந்த அன்று, ஆஸ்பத்திரியில் பாலித்தீன் பையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இன்னொன்று சாலையிலேயே போயிற்று.

ஜிமிக்கி தொங்கும் வளையத்தில் ஒரு முடி இருந்தது. மூன்று சுற்று சுற்றி, மீதி வெளியே நீண்டிருந்தது.

சாம்பலை வைகையில் கரைத்தாயிற்று. பதினாறாம் நாள் நாத்தனார் வந்து, நல்ல மனதோடுதான், பிள்ளையின் துணிகளையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். தலையணை உறையைக்கூட விடவில்லை.

மிச்சம் இந்த முடிதான்.

அதை அப்படியே தன் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தண்டு வளைந்திருந்ததால் காதில் ஏறவில்லை.

பெரிய கடையில், மதுரைக்கு அனுப்பி வாங்க வேண்டும், பத்து நாளாகும் என்றார்கள். பஜாரில் இருந்தவர் பார்த்த மாத்திரத்தில் ஊதுகுழலை எடுத்தார். பறித்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொரு கடையில், ஒத்தையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள், பழசுக்குப் போட்டுவிட்டு வேறு எடுங்கள் என்றார்கள்.

விசாரித்த இடத்திலெல்லாம் பரமகுரு ஆசாரி பெயரைத்தான் சொன்னார்கள். கோயில் நகையையே அவரிடம்தான் நம்பிக் கொடுக்கிறார்களாம்.

அவரிடமும் முடியைப் பற்றி அவள் சொல்லவில்லை. இறந்தவளின் முடி என்று தெரிந்தால், யாராக இருந்தாலும் முதலில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் நகையைத் தொடுவார்கள். வீட்டில் வைக்கக் கூடாது என்று புத்தியும் சொல்வார்கள்.

"தீ வைக்கக் கூடாது. அராவக் கூடாது. என் கண்ணு முன்னாடியே செஞ்சு குடுக்கணும்."

"எந்த ஆசாரிகிட்ட ஏமாந்தீங்க தாயி?" என்று சிரித்தார். அவளுக்குத் தெரியும்படி தராசைத் திருப்பி வைத்து எடை போட்டுக் காட்டினார். "பாப்பா நகையா? வீட்டுல விசேஷமா?"

அவள் தலையசைத்து வைத்தாள்.

இப்போது தண்டு நேராக இருக்கிறது. முடியும் இருக்கிறது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்றுப் போனது.

கூலியை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். பணப்பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தாள்.

நிமிர்ந்தபோது பிரஷ் ஓடிக்கொண்டிருந்தது.

பூந்திக்கொட்டை நுரைக்குள் ஜிமிக்கி புரண்டது. ரிப்பேருக்கு வந்த நகையை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பட்டறையில் இல்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை. விசேஷத்துக்குப் போகிற நகை என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

"பாருங்க தாயி. புதுசு கணக்கா இருக்கு."

வளையம் வெறுமையாக மின்னியது.

மறுபடி தராசில் வைத்தார். "ஒரு புள்ளி கொறையுது. அது அழுக்கு. பொன்னு அப்படியே இருக்கு."

அவளுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"அந்தத் தண்ணியக் குடுங்க."

கொலுசுக்காகக் காத்திருந்த பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். "ஆத்தாடி! அப்ப என் கொலுசு கழுவுன தண்ணியையும் குடுங்கண்ணே. கொண்டுபோயி கொழம்பு வைக்கிறேன்."

ஆசாரியின் முகம் சுண்டிப்போயிற்று.

பட்டறையில் எதையும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. கழுவிய தண்ணீர், கூட்டிய தூசி எல்லாம் சேர்த்து வைப்பார்கள். பொன்துகளுக்காக அதை அலசுகிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். பொன்னைச் சுரண்டிவிட்டதாக அவள் தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது அதனால்தான்.

"முப்பது வருசமா இந்த எடத்துல உக்காந்திருக்கேன் தாயி. இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல."

சொல்லியிருக்கலாம். பொன் இல்லை, முடி என்று.

அவர் நகை கழுவிய பேசினைத் தூக்கி வந்தார். வெள்ளைத் துணி ஒன்றை ஒரு வாளியின் மேல் விரித்து, தண்ணீரை மெல்ல ஊற்றி வடித்தார். துணியை மேசை விளக்குக்கு நேராக விரித்தார்.

"காலைல இருந்து கழுவுனது பூராம் இதுலதான் கெடக்கு. நல்லாப் பாத்துக்கங்க. பொன்னு ஒரு பொட்டுக்கூடக் கெடையாது. வெறும் முடி."

தோட்டிலும் சங்கிலியிலும் சிக்கி வந்தவை. யார் யாருடையவையோ. ஒன்று நரை. மற்றதெல்லாம் கறுப்பு. எட்டு. ஒன்பது. ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அவள் குனிந்தாள். ஒன்றை விரல்நுனியால் நீவி நேராக்கினாள். நீளம் சரியாக இருந்தது.

அடுத்ததை நீவினாள். அதுவும் அதே நீளம்.

அதற்கடுத்தது.

"போதுமா?" என்று ஆசாரி துணியை உதறப் போனார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

துணியை வாங்கினாள். நான்கு முனைகளையும் சேர்த்து மடித்தாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஈரம் சேலையில் இறங்கியது.

"துணியையுமா?" என்றாள் கொலுசுக்காரி.

ஆசாரி தராசைப் பார்த்தார்.

ஜிமிக்கி தட்டிலேயே இருந்தது.

"தாயி... நகை."

அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.