கையைப் பிடித்துக் கூப்பிட்டது

ஹார்டு டிஸ்க்குக்குக் கட்டுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

நிஜமாகவே கட்டுதான். ராஜபாளையத்து பேண்டேஜ் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் பாண்டிதுரை, கீழே விழுந்த டிஸ்க்கை நாலு சுற்றுச் சுற்றி, முனையில் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தார். பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். அரிசிப் பானையில் போட்டவர்கள் உண்டு, தோசை மாவுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தவர்கள் உண்டு. முதலுதவி செய்து கொண்டுவந்தவர் இவர்தான்.

“ஆடாம இருக்கட்டும்னுதான் ரிச்சர்ட் சார்” என்றார்.

அவருக்கு இடப்பக்கம் மனைவி பாண்டிசெல்வி, வலப்பக்கம் அக்கா வெள்ளத்தாய். மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். பெண்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி எட்டு மாதம் ஆகிறதாம்.

எட்டு மாதத்துக்கு முன் பாண்டிதுரையின் மகளுக்குக் கல்யாணம். மேடையில் குடும்பப் போட்டோ எடுத்தபோது தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று வெள்ளத்தாய் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். கையைப் பிடித்துக் கூப்பிட்டேன் என்று பாண்டிசெல்வி சூடம் அணைக்காத குறை. வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. சொந்த அத்தை வராமல் என்ன வளைகாப்பு?

“கூப்பிட்டது நெசம்னா காட்டச் சொல்லுங்க, வாரேன். இல்லாட்டி அந்த வாசல்ல இனி கால் வைக்க மாட்டேன்” என்று வெள்ளத்தாய் என்னிடம் சொன்னார். நான் என்னமோ நீதிபதி மாதிரி.

சாட்சி டிஸ்க்குக்குள் இருந்தது. ஆல்பத்துக்கு நல்ல போட்டோவாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஸ்டூடியோக்காரர் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார். நம் ஊரில் எந்தக் குடும்பம் ஆல்பத்துக்குச் சீக்கிரம் போட்டோ பொறுக்கியது? இவர்கள் ஐயாயிரத்தில் முந்நூறைத் தாண்டவில்லை. தப்பே செய்யாதவள் எதற்கு வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று பாண்டிசெல்வி அதைத் திறக்கவும் இல்லை. நேற்று அவசரமாக எடுக்கப்போய்க் கீழே போட்டுவிட்டார்கள்.

கட்டை அவிழ்த்தேன். விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கேபிளை மாற்றினேன். ம்ஹூம். மூடியைக் கழற்றினால், கேபிள் சொருகும் சின்ன போர்டு விரிசல் விட்டிருந்தது. டிஸ்க்கைத் தனியாக உருவி, நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எடுத்தது. எடுத்த கையோடு, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

“சரின்னு குடுங்க சார்” என்று பாண்டிதுரை மவுசுக்குக் கையை நீட்டினார்.

பட்டென்று தட்டிவிட்டேன். “யோவ், எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குய்யா அது!”

எது கேட்டாலும் சரி என்று அமுக்குகிற ஜென்மங்கள். இவர்களால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அது வேறு விஷயம்.

ஃபைல்களை மீட்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எண்பது சதவீதத்தில் நின்றபோது பாண்டிசெல்வி ஆண்டாளுக்கு மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார். நகர்ந்தது. வீடியோ வந்துவிட்டது.

மேடை. நெரிசல். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் எடுத்ததால் எங்கே பார்த்தாலும் அரக்குச் சேலை. பாண்டிசெல்வி மேடைப் பக்கம் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, “வாங்க மதினி, நீங்க இல்லாமயா” என்று ஒரு கையைப் பிடித்து இழுக்கிறார்.

“பாத்தீகளா!” என்றார் பாண்டிசெல்வி.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி மேடை ஏறினாள். அரக்குச் சேலைதான். வெள்ளத்தாய் இல்லை. மணப்பெண்ணின் தோளில் கைபோட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

வெள்ளத்தாய் பாண்டிசெல்வியின் முழங்கையைப் பிடித்தார்.

“ஏட்டி, என்னையத்தான் கூப்பிட்டிருக்க. நாந்தான் கிறுக்கச்சி…”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. முதல் வளையல் அத்தைதான் போடுவது என்று அங்கேயே முடிவானது.

அழுது முடித்ததும் இருவரும் ஒன்றுசேர்ந்து திரையின் பக்கம் திரும்பினார்கள்.

“அது சரி, யாரு இவ?”

மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை. அக்கம்பக்கம் இல்லை. மில் ஆளும் இல்லை என்றார் பாண்டிதுரை.

“எம் எடத்துல நின்னு எப்பிடி இளிக்கா பாரு! இவளாலதான அம்புட்டும்? கையில கெடைக்கட்டும், அந்தக் கொண்டையைப் பிச்சிருதேன்” என்று வெள்ளத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினார். “ஓடவிடுங்க சார். கூட எவன் வந்திருக்கான்னு பாப்போம்.”

அடுத்து பந்தி தொடங்கியது. நான் நிறுத்திவிட்டேன்.

“இதுக்கு மேல டிஸ்க் போயிருச்சும்மா. ஒண்ணும் எடுக்க முடியாது.”

அந்த மண்டபத்தில் அன்று இரண்டு கல்யாணம். நானும் என் மனைவி கேத்ரினும் போகவேண்டியது மாடிக்கு. கீழேயே கூட்டமாக இருந்ததால் நுழைந்துவிட்டோம். தாம்பூலப் பையில் இருந்த பெயரை வீட்டுக்கு வந்துதான் படித்தோம். நான் அன்று இலையைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேத்ரின்தான், கையைப் பிடித்து மேடைக்கே கூட்டிப்போனார்கள், கல்யாண வீட்டில் கூப்பிட்ட கையை உதற முடியுமா என்று ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

“செத்த நேரம் இருந்து பாக்கோம் சார். இன்னொருக்க போட்டுப் பாருங்க” என்று வெள்ளத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மணி ஒன்று. எனக்குச் சாப்பாடு வரும் நேரம்.

டிபன் கேரியரோடு உள்ளே வந்த கேத்ரின் என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா, நீங்களா!” என்று ஓடிப்போய் பாண்டிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.